ஸ்பானியத்தில் ‘பேசு’ என்று சொல்ல ஐந்து வடிவம்: எதை முதலில் பழகுவது?

ஸ்பானியம் படிக்கத் தொடங்கி இரண்டு மூன்று மாதம் ஆனதும் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். அதுவரை ‘நான் பேசுகிறேன், அவள் சாப்பிடுகிறாள்’ என்று சுகமாகப் போய்க்கொண்டிருக்கும். ஒருநாள் யாரையாவது பார்த்து ‘கொஞ்சம் இருங்க’, ‘மெதுவாகப் பேசு’ என்று சொல்ல வேண்டிவரும். பாடநூலைப் புரட்டினால் ஒரே சொல்லுக்கு ஐந்து கட்டம். ‘ஐந்தையும் படிக்கணுமா, ஒன்று போதுமா, போதுமென்றால் எது?’ என்று கேட்டு எனக்கு வரும் கடிதங்களுக்குக் கணக்கே இல்லை. மேற்படிப்புக்கு ஸ்பெயின் போகிறவர் கேட்கிறார். மெக்சிகோ அணியோடு தினமும் தொலைபேசியில் பேச வேண்டிய மென்பொருள்காரர் கேட்கிறார். தேர்வுக்குப் படிக்கிறவரும் கேட்கிறார். மூவருக்கும் பதில் ஒன்றல்ல. ஆனால் பதிலைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்றுதான்.

முதலில் எழுத்துமுறை பற்றி ஒரு வார்த்தை. ஸ்பானியத்தில் குறில், நெடில் கிடையாது. அழுத்தம் மட்டும் உண்டு. அந்த அழுத்தம் இடம் மாறினால் பொருளே மாறும். ஆகவே இந்தக் கட்டுரையில் அழுத்தம் விழும் அசையை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதியிருக்கிறேன். ‘ஆப்ல’ என்றால் முதல் அசையில் அழுத்தம், ‘அப்லா’ என்றால் கடைசி அசையில். இரண்டும் வேறு வேறு சொற்கள். இந்தச் சொல்லில் வரும் ‘ப்’பை ‘அன்பு’ என்பதில் வருவதுபோல மென்மையாகச் சொல்லுங்கள்.

நமக்கு ஒரு சாதகம் உண்டு. ஆளுக்குத் தக்கபடி ஏவல் மாறும் என்பதை ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்குப் பாடமாகவே நடத்த வேண்டும். ‘நீ பேசு, நீங்கள் பேசுங்கள்’ என்று வளர்ந்தவருக்கு அது வேண்டியதில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நம்முடைய ‘பேசுங்கள்’ ஒரு பெரியவருக்கும் பொருந்தும், நாலு பொடியன்களுக்கும் பொருந்தும். ஸ்பானியம் அந்த ஒன்றை உடைத்து இரண்டு மூன்றாக்கி வைத்திருக்கிறது.

எதை வைத்து எடை போடுவது?

ஐந்து கேள்விகள் போதும். யாரோடு, எந்த ஊரில் பேசப்போகிறீர்கள்? வினைச்சொல்லிலிருந்து அந்த வடிவத்தைச் செய்துகொள்ள எவ்வளவு மெனக்கெட வேண்டும்? விதிக்கு அடங்காத சொற்கள் எத்தனை? ‘செய்’ கற்றதும் ‘செய்யாதே’யும் சேர்ந்து வருமா, அதைத் தனியாக இன்னொருமுறை படிக்க வேண்டுமா? கடைசியாக, ஆள் மாறிப் பயன்படுத்திவிட்டால் என்ன சேதம்?

கடைசிக் கேள்வியைப் பாடநூல்கள் கேட்பதே இல்லை. எனக்கு முதல் கேள்வியே அதுதான். இலக்கணப் பிழையை யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. மரியாதைப் பிழை அப்படியல்ல, உங்கள் ஊரிலும் அப்படித்தானே?

விதிப்படி நடக்கும் மூன்று வினைகளை எடுத்துக்கொள்வோம். ஸ்பானிய வினைகள் எல்லாமே மூன்று குடும்பம்தான்: ‘ஆர்’ என முடிபவை, ‘ஏர்’ என முடிபவை, ‘ஈர்’ என முடிபவை. குடும்பத்துக்கு ஒன்றாக அப்லார், கொமேர், எஸ்க்ரிபீர்.

| யாரிடம் | அப்லார் – பேச | கொமேர் – சாப்பிட | எஸ்க்ரிபீர் – எழுத | ‘பேசாதே / பேசாதீர்கள்’ |
|---|---|---|---|---|
| தூ (நீ) | ஆப்ல | கோமெ | எஸ்க்ரீபெ | நொ ஆப்லெஸ் |
| போஸ் (நீ, சில நாடுகளில்) | அப்லா | கொமே | எஸ்க்ரிபீ | நொ ஆப்லெஸ் |
| உஸ்தேத் (நீங்கள், ஒருவர்) | ஆப்லெ | கோம | எஸ்க்ரீப | நொ ஆப்லெ |
| பொஸோத்ரொஸ் (நீங்கள் எல்லாரும், ஸ்பெயினில்) | அப்லாத் | கொமேத் | எஸ்க்ரிபீத் | நொ அப்லேய்ஸ் |
| உஸ்தேதெஸ் (நீங்கள் எல்லாரும்) | ஆப்லென் | கோமன் | எஸ்க்ரீபன் | நொ ஆப்லென் |

அட்டவணையின் கடைசி நெடுவரிசையை இன்னொருமுறை பாருங்கள். உஸ்தேத், உஸ்தேதெஸ் இரண்டு வரியில் மட்டும் ‘பேசு’ம் ‘பேசாதே’யும் ஒரே சொல், முன்னால் ஒரு ‘நொ’ போட்டால் முடிந்தது. மற்ற மூன்றிலும் மறுப்பு வந்ததும் சொல்லே உருமாறுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போவோம்.

தூ: எல்லாரும் முதலில் கற்பது

பெரும்பாலான செயலிகளும் புத்தகங்களும் இதிலிருந்துதான் தொடங்குகின்றன. காரணம் எளிது: இதைச் செய்துகொள்ள உழைப்பே இல்லை. ‘அவன் பேசுகிறான்’ என்பதற்கு எந்த வடிவமோ அதையே எடுத்து, எதிரில் இருப்பவரிடம் சொன்னால் ஏவல். ஆப்ல என்றால் ‘பேசுகிறான்’, ஆப்ல என்றால் ‘பேசு’. நிகழ்காலம் படித்தவருக்கு இது இனாம். குழப்பம் வராதா என்றால், வராது. குரலும் சூழலும் பார்த்துக்கொள்ளும்.

மெக்சிகோ, பெரு, கியூபா, ஸ்பெயின் என்று பரந்த நிலப்பரப்பில் நண்பர், உடன் படிப்பவர், சம வயதுச் சக ஊழியர், குழந்தை என எல்லாருக்கும் தூதான். ‘மீர’ (பார்), ‘எஸ்பேர’ (இரு, பொறு), ‘எஸ்கூச்ச’ (கேள்), ‘தோம’ (இந்தா) ஆகியவை ஒரு நாளில் நூறு முறை காதில் விழும். நாலுமே விதிப்படி நடக்கும் ‘ஆர்’ வினைகள். ‘தோம’வுக்கு நேர்ப்பொருள் ‘எடுத்துக்கொள்’. நாம் ‘இந்தா’ என்று நீட்டுகிற இடத்தில் அவர்கள் அதைச் சொல்கிறார்கள்.

மறைவான செலவுகள் இரண்டு. ஒன்று, அடங்காத எட்டுச் சொற்கள்: தேன், பேன், போன், ஸால், ஆஸ், தீ, பே, ஸே. முறையே ‘வைத்திரு, வா, வை, வெளியே போ, செய், சொல், போ, இரு’. தேன், பேன், போன், தீ என்று நம் வீட்டுப் பொருள்களாகவே இருப்பதால் தமிழருக்கு மறக்காது என்பது ஒரு ஆறுதல். ஆனால் இந்த எட்டும் அன்றாடம் அதிகம் தேவைப்படும் வினைகள். ‘விதிவிலக்கு எட்டுதானே’ என்று தள்ளிவிட முடியாது.

இரண்டாவது செலவு மறுப்பு. ‘ஆப்ல’ என்று பழகிய நாக்கு, ‘நொ ஆப்ல’ என்றே சொல்லத் துடிக்கும். அதற்கு ‘அவன் பேசவில்லை’ என்று பொருள். ‘பேசாதே’ என்றால் ‘நொ ஆப்லெஸ்’. நம் மொழியிலும் ‘பேசு’வுக்கு மறுப்பு ‘பேசாதே’ என்று வேறாகத்தான் வருகிறது, அதனால் கருத்து புதிதல்ல. ஆனால் அந்த ‘ஆப்லெஸ்’ எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அது உஸ்தேத் வடிவத்தோடு ஒரு ‘ஸ்’ சேர்ந்தது. அதாவது தூவை முழுதாகக் கற்க வேண்டுமானால் பாதி வழியில் உஸ்தேத் வீட்டுக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும்.

சேதம் எப்படி? ஸ்பெயினில் குறைவு, அங்கே தூ தாராளமாகப் புழங்குகிறது. லத்தீன் அமெரிக்காவில் காவலர், மருத்துவர், நண்பரின் பாட்டி, முதல்முறை சந்திக்கும் வாடிக்கையாளர் இவர்களிடம் தூ போட்டால் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். முகம் சொல்லும்.

உஸ்தேத்: எனக்குப் பிடித்தது

உஸ்தேத் என்ற சொல் ‘புவேஸ்த்ர மெர்ஸேத்’ என்பதன் தேய்ந்த வடிவம். ‘தங்கள் அருள்’ என்று பொருள். எதிரில் இருப்பவரை நேராக ‘நீ’ என்று சுட்டாமல், அவருடைய அருளைப் படர்க்கையில் வைத்துப் பேசிய காலத்தின் மிச்சம் அது. அதனால்தான் உஸ்தேத்துக்கு வினை இன்றும் ‘அவர்’ என்பதற்கு வரும் வடிவத்தில் வருகிறது.

அந்த ‘அருளு’க்கு ஆணையிட முடியுமா? முடியாது, வேண்டத்தான் முடியும். எனவே உஸ்தேத் ஏவல் உண்மையில் ஏவலே அல்ல. விருப்பத்தையும் வேண்டுதலையும் சொல்லும் வேறொரு வடிவத்தைக் கடன் வாங்கி அந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள். தமிழ் இலக்கணம் படித்தவருக்கு உடனே மணி அடிக்கும்: இது வியங்கோள். ‘வா’ அல்ல, ‘வருக’. ‘பேசு’ அல்ல, ‘பேசுக’. தென் அமெரிக்கச் சாலைச் சந்திப்புகளில் சிவப்பு எண்கோணப் பலகையில் ‘பாரெ’ என்று எழுதியிருக்கும். பரார், அதாவது நிற்க, என்ற விதிப்படி நடக்கும் வினையின் உஸ்தேத் வடிவம். பலகை ‘நில்’ என்று அதட்டவில்லை, ‘நிற்க’ என்கிறது. நம் சாலையோரத்து ‘மெதுவாகச் செல்க’ போல. (தமிழ்க் காதில் அது ‘பாரேன்’ என்று விழும். பார்த்துக்கொண்டே போய்விடாதீர்கள்.) மெக்சிகோவில் அதே பலகை ‘ஆல்தொ’ என்று இருக்கும், அது வினைச்சொல் அல்ல.

செய்துகொள்ளும் முறை: உயிரெழுத்தை மாற்றிப்போடு. ‘ஆர்’ குடும்பத்துக்கு ‘எ’ வரும், ‘ஏர்’, ‘ஈர்’ குடும்பங்களுக்கு ‘அ’ வரும். ஆப்லெ, கோம, எஸ்க்ரீப. முதல் வாரம் இது கையைக் கடிக்கும், ஏனென்றால் காது பழகியதற்கு நேர் எதிர். பிறகு சரியாகிவிடும்.

இந்த ஒரு மாற்றத்தைக் கற்றால் கிடைப்பவற்றைக் கணக்குப் போடுங்கள். ‘நொ’ சேர்த்தால் மறுப்பு. ‘ன்’ சேர்த்தால் பன்மை. ‘நொ’வும் ‘ன்’னும் சேர்த்தால் பன்மை மறுப்பு. ‘ஸ்’ சேர்த்தால் தூவின் மறுப்பு. ‘மொஸ்’ சேர்த்தால் ‘அப்லேமொஸ்’, அதாவது ‘பேசுவோம்’. ஒரு விதை, ஐந்து செடி. தூவிலிருந்து தொடங்கினால் இந்தக் கொடி படராது.

அடங்காத சொற்கள் உண்டு, ஆனால் அவற்றுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ‘நான்’ என்பதற்கு வரும் வடிவத்தைப் பிடித்து, கடைசி உயிரை மாற்றினால் பெரும்பாலும் சரியாக வரும். ‘நான் வைத்திருக்கிறேன்’ தேங்கொ, எனவே தேங்க. ‘நான் சொல்கிறேன்’ தீகொ, எனவே தீக. ‘நான் வைக்கிறேன்’ போங்கொ, எனவே போங்க! ஆமாம், ஸ்பானியத்தில் ‘போங்க’ என்றால் ‘வையுங்கள்’. அதே மரியாதை, வேறு வேலை. இந்த ஒழுங்குக்கும் அடங்காதவை கைவிரலில் அடங்கும்.

எழுத்தில் மட்டும் ஒரு சில்லறைத் தொல்லை. பகார் (பணம் செலுத்த) என்பது பாகெ என்று ஆகும்போது ‘ஜி’க்குப் பின்னால் ஒரு ‘யு’ நுழையும். புஸ்கார் (தேட) பூஸ்கெ ஆகும்போது ‘சி’ போய் ‘க்யு, யு’ வரும். ஒலியைக் காப்பாற்றத்தான் இந்த மாற்றம், எனவே பேச்சில் ஒன்றும் தெரியாது. தேர்வு எழுதுகிறவர் மட்டும் கவலைப்பட்டால் போதும்.

பேச்சில் உள்ள ஆபத்து வேறு. ‘ஆப்லெ’ என்றால் ‘பேசுங்கள்’, ‘அப்லே’ என்றால் ‘நான் பேசினேன்’. தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால் நாம் இதில் அடிக்கடி சறுக்குகிறோம். இதற்கு மருந்து ஒன்றே ஒன்று: வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பழகுவது.

புழக்கமோ எங்கும் இருக்கிறது. அமெரிக்கத் தொலைபேசிச் சேவைகளில் ஸ்பானியத்துக்கு ‘மார்கெ தோஸ்’ என்று வரும் குரல், ‘இரண்டை அழுத்துக’. பணம் எடுக்கும் இயந்திரம் ‘இன்ஸேர்தெ’ என்று அட்டையைச் செருகச் சொல்லும். மருத்துவர் ‘தோமெ’ என்று மாத்திரையைச் சாப்பிடச் சொல்வார். மெக்சிகோச் சந்தைகளில் கடைக்காரர்கள் ‘பாஸெலெ, பாஸெலெ’ என்று கூவுவது ‘வாங்க வாங்க’. பஸார் என்ற வினையின் உஸ்தேத் வடிவத்தில் அழைப்புக்காக ஒரு ‘லெ’ ஒட்டியது. அதே நாட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ‘மாந்தெ’ என்று குரல் கொடுப்பார்கள். ‘ஆணையிடுங்கள்’ என்பது நேர்ப்பொருள். அது தேய்ந்து தேய்ந்து இப்போது ‘என்ன, சொல்லுங்க’ என்ற அளவில் நிற்கிறது. தூ போட்டுப் பேசும் நெருக்கத்திலும் வரும்.

கொலம்பியாவின் பொகோதாவிலும் அதைச் சுற்றிய மலைப்பகுதியிலும் கணவன் மனைவிக்குள்ளும் பெற்றோர் பிள்ளைகளிடமும் உஸ்தேத் வருவது சாதாரணம். கோஸ்டா ரிகாவிலும் அப்படித்தான். கோயம்புத்தூர்ப் பக்கம் சின்னப் பிள்ளையை ‘வாங்க, உட்காருங்க’ என்பதைக் கேட்டவருக்கு இது வியப்பாக இராது.

தவறினால் சேதம்? மாட்ரிட்டில் இருபது வயதுக்காரரிடம் உஸ்தேத் போட்டால், ‘என்னைப் பார்த்தால் அவ்வளவு கிழடாகவா தெரிகிறது?’ என்று சிரிப்பார். அதோடு ‘துத்தேயமெ’ என்பார், அதாவது ‘நீ என்றே கூப்பிடு’. அதற்கென்றே ஒரு வினைச்சொல் வைத்திருக்கிறார்கள். ஒரு சிரிப்போடு போகும். நெருங்கிய நண்பரிடம் விடாமல் உஸ்தேத் போட்டால் விலகி நிற்பதாகப் படும் என்பது உண்மை. அதற்குள் நீங்கள் தூவுக்கு மாறியிருப்பீர்கள்.

போஸ்: அர்ஜென்டினா போகிறவருக்கு

உச்சரிப்பில் நேதாஜியின் கடைசிப் பெயரேதான். அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே ஆகிய நாடுகளிலும் மத்திய அமெரிக்காவின் பெரும்பகுதியிலும், கொலம்பியாவின் மெதெஜின், காலி நகரங்களிலும் தூவின் இடத்தில் இது நிற்கிறது, அல்லது தூவோடு சேர்ந்து புழங்குகிறது.

உழைப்பைப் பார்த்தால் ஐந்தில் இதுதான் மிகச் சுலபம். அகராதிச் சொல்லின் கடைசி ‘ர்’ஐ வெட்டு, அழுத்தத்தைக் கடைசியிலேயே வை: அப்லா, கொமே, எஸ்க்ரிபீ. தூவில் நம்மை வாட்டும் எட்டுச் சொற்களில் ஏழு இங்கே சாதுவாகிவிடுகின்றன: தெனே, பெனீ, பொனே, ஸலீ, அஸே, தெஸீ, ஸே. ‘போ’ ஒன்றுக்கு மட்டும் வேறு வினையிலிருந்து ‘அந்தா’ என்று கடன் வாங்குகிறார்கள். அடியே மாறும் வினைகளும் இங்கே மாறுவதில்லை. செர்ரார் (மூட) என்பது தூவுக்கு ‘சியேர்ர’ என்று நெளியும், போஸுக்கு நேராக ‘செர்ரா’.

இவ்வளவு எளிதாக இருந்தும் எல்லாருக்கும் இதை ஏன் சிபாரிசு செய்வதில்லை? முதலாவது, ஊர். மெக்சிகோ நகரத்திலோ மாட்ரிட்டிலோ ‘அப்லா’ என்றால் புரிந்துகொள்வார்கள், ஆனால் நீங்கள் புவேனோஸ் அய்ரெஸ்காரரைப் போல் நடிப்பதாக நினைப்பார்கள். இரண்டாவது, மறுப்பு. அர்ஜென்டினாவின் பொதுவழக்கில் அது ‘நொ ஆப்லெஸ்’ என்று தூவோடு போய்ச் சேர்கிறது. பேச்சில் ‘நொ அப்லேஸ்’ என்பதும் காதில் விழும். இரண்டில் எது என்று ஒரு தொங்கல். மூன்றாவது, ‘எஸ்க்ரிபீ’ என்றால் ‘எழுது’, ‘நான் எழுதினேன்’ என்பதும் அதேதான். நான்காவது, மத்திய அமெரிக்காவில் போஸ் என்பது பல இடங்களில் உரிமையின் குறி. முதல் சந்திப்பிலேயே வெளியூர்க்காரர் எடுத்த எடுப்பில் அதைப் போட்டால் சற்று உறுத்தும்.

ஆனால் புவேனோஸ் அய்ரெஸில் ஆறு மாதம் தங்கப்போகிறீர்கள் என்றால் தயங்காதீர்கள். அங்கே தூ போட்டுப் பேசுவது டப்பிங் படம் பேசுவதுபோல் இருக்கும். ‘பஸாமெ எல் மாத்தெ’ (மாத்தெ என்ற இலைப் பானத்தை இப்படிக் கொடு) என்று கேட்டால்தான் வட்டத்தில் உட்கார்ந்த மாதிரி.

பொஸோத்ரொஸ்: ஸ்பெயினுக்கு மட்டும்

அகராதிச் சொல்லின் ‘ர்’ போய் ‘த்’ வந்தால் முடிந்தது. அப்லாத், கொமேத், எஸ்க்ரிபீத். அடங்காத சொல் ஒன்றுகூட இல்லை. ‘போங்கள்’ என்பதுகூட ‘ஈத்’ என்று விதிப்படியே வரும். காகிதத்தில் பார்த்தால் இதைவிட ஒழுங்கான வடிவம் கிடையாது. (போஸ் இதன் தம்பிதான். பழைய ‘அப்லாத்’தின் கடைசி மெய் உதிர்ந்ததே ‘அப்லா’.)

தெருவில் வேறு கதை. ஸ்பெயினிலேயே பலர் பேச்சில் ‘அப்லாத்’ என்று முடிக்காமல் ‘அப்லார்’ என்று அகராதிச் சொல்லையே போட்டுவிடுகிறார்கள். இலக்கணக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், குழந்தைகளை அதட்டும் அம்மாக்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. ‘எழுந்திருங்கள்’ என்பதுபோல் தன்னைத்தானே குறிக்கும் வினைகளில் ‘த்’ விழுந்து ‘லெவந்தாஒஸ்’ ஆகும். பேச்சில் ‘லெவந்தாரொஸ்’ என்றும் கேட்கும். இந்த இழுபறி எவ்வளவு பழையது என்றால், ‘கிளம்புங்கள்’ என்பதற்கு ‘ஈதொஸ்’ மட்டுமே சரி என்றிருந்த ஸ்பானிய மொழிக் கழகம் 2017-இல் ‘ஈரொஸ்’ என்பதையும் ஏற்றுக்கொண்டது. அந்த ஒரு வினைக்கு மட்டும்தான் இந்தச் சலுகை.

ஸ்பானியத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 50 கோடிப் பேர். ஸ்பெயினின் மக்கள்தொகை 5 கோடியைத் தொடவில்லை. ஸ்பெயினுக்குள்ளேயே கானரித் தீவுகளில் பொஸோத்ரொஸுக்குப் பதில் உஸ்தேதெஸ்தான். எனவே படிக்கவோ வேலைக்கோ ஸ்பெயினில் குடியேறாதவர் காதால் அடையாளம் கண்டுகொண்டால் போதும், நாக்கால் பழக வேண்டியதில்லை. குடியேறுகிறவர் அங்கே போன முதல் மாதத்திலேயே தானாகக் கற்றுவிடுவார்.

உஸ்தேதெஸ்

உஸ்தேத் தெரிந்தால் ஒரு ‘ன்’. லத்தீன் அமெரிக்கா முழுவதும் நண்பர் கூட்டமானாலும் நீதிபதிகள் கூட்டமானாலும் இது ஒன்றே. நம் ‘நீங்கள்’ போலவே மரியாதையும் பன்மையும் கலந்து கிடக்கும் வடிவம் என்பதால் தமிழ் மனத்துக்கு மிக இணக்கமானது. ஸ்பெயினில் நண்பர்களிடம் ‘ஆப்லென்’ என்றால் லத்தீன் அமெரிக்காவில் கற்றவர் என்று எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவே.

ஏவலே வேண்டாம் என்று நழுவ முடியுமா?

இது பலர் கேட்கும் ஆறாவது வழி. ‘இதைச் செய்’ என்பதற்குப் பதில் ‘செய்கிறீர்களா?’ என்று கேள்வியாக்குவது. நல்ல வழிதான், ஸ்பெயினில் காப்பி குடித்துவிட்டு ‘மெ கோப்ரஸ்?’ என்றால் ‘எவ்வளவு ஆச்சு, எடுத்துக்கிறியா?’ என்று பொருள். லத்தீன் அமெரிக்காவில் கேள்வி வடிவம் இன்னும் மென்மையாகப் படும். கொலம்பியாவில் ‘எனக்குப் பரிசளிக்கிறீர்களா?’ என்று கேட்டே காப்பி வாங்குகிறார்கள்; காசு கொடுத்துத்தான்.

ஆனால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். ‘மெ கோப்ரஸ்’ தூ, ‘மெ கோப்ர’ உஸ்தேத். ஒரு ‘ஸ்’ஸில் அதே தேர்வு உங்களுக்காகக் காத்திருக்கிறது. ‘போர் ஃபபோர்’ (தயவுசெய்து) சேர்த்தாலும் தூ உஸ்தேத் ஆகிவிடாது. ‘வாடா, தயவுசெய்து’ என்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அகராதிச் சொல்லையே ஒருவரிடம் ஏவலாகச் சொல்வது கதவிலும் சமையல் குறிப்பிலும் சரி. ஆளிடம் சொன்னால் ‘நீ, பேசுதல்’ என்று சொன்ன மாதிரி.

‘எனக்கு’, ‘என்னிடம்’ ஒட்டும்போது

‘என்னிடம் பேசு’ என்பதில் ‘மெ’ வினையின் வாலில் ஒட்டிக்கொள்ளும். தூவுக்கு ஆப்லமெ, உஸ்தேத்துக்கு ஆப்லெமெ, போஸுக்கு அப்லாமெ. மூலச் சொல்லின் அழுத்தம் எங்கே இருந்ததோ அங்கேயே நிற்கும் என்பதைக் கவனியுங்கள். எழுத்தில் முதல் இரண்டுக்கும் மேலே ஒரு கோடு போட வேண்டும், மூன்றாவதற்கு வேண்டாம். மறுப்பில் ‘மெ’ முன்னால் ஓடிவிடும்: நொ மெ ஆப்லெஸ். இது ஐந்துக்கும் பொது, எனவே தேர்வில் இதற்கு எடை இல்லை.

யாருக்கு எது?

மெக்சிகோ, கொலம்பியா, பெரு இவற்றோடு வேலைத்தொடர்பு உள்ளவர்: உஸ்தேத்தும் உஸ்தேதெஸும் முதலில், எதிராளி தூவுக்கு மாறினால் நீங்களும் மாறிக்கொள்ளலாம். அவர் மாறும்வரை பொறுப்பதில் நட்டமில்லை.

ஸ்பெயினில் படிக்கப் போகிறவர்: இங்கே என் விருப்பத்தை நானே ஓரம்கட்டுகிறேன். தூ முதலில், அந்த எட்டுச் சொற்களோடு, அடுத்து பொஸோத்ரொஸ். உஸ்தேத்தை அரசு அலுவலகத்துக்கும் மின்னஞ்சலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தூவின் மறுப்புக்காக உயிர்மாற்ற விதியை முதல் வாரமே கற்றாக வேண்டும், ஆக உஸ்தேத் பின்வாசல் வழியாக வந்துவிடும்.

புவேனோஸ் அய்ரெஸ், மொந்தெபிதேயொ (உருகுவேயின் தலைநகர்): போஸ், கூடவே உஸ்தேத். தூவைத் தொடவே வேண்டாம், படித்தால் புரிந்தால் போதும்.

எந்த ஊர் என்றே முடிவாகாதவர், தேர்வுக்கு மட்டும் படிக்கிறவர்: உஸ்தேத்திலிருந்து தொடங்கி மறுப்பு, பன்மை, ‘பேசுவோம்’ மூன்றையும் முடித்துவிட்டு, பிறகு தூவின் எளிய வடிவத்துக்கு வாருங்கள். தேர்வு எழுதுகிறவர் கடிதத்தின் முதல் வரியில் எதைத் தேர்ந்தாலும் கடைசி வரிவரை அதிலேயே நில்லுங்கள். மேலே ‘எஸ்க்ரீபமெ’ என்று தொடங்கிய கடிதம், உஸ்தேத்துக்கே எழுதியது. கீழே ‘எஸ்பேர’ என்று முடித்தால், நீங்கள் பாதிக் கடிதத்தில் அவரை ‘வாய்யா’ என்று கூப்பிட்டுவிட்டீர்கள்.